ராஜாவே அசந்துபோன தோட்டம்... உருவாக்கியவருக்குக் கிடைத்ததோ ஆயுள் சிறை!

புது வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு ஊரையே அழைக்கிறோம். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வெளியே போகும்போது, 'இவனுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?' என்று முணுமுணுக்க ஒரு ஆள் நிச்சயம் இருப்பார். சாதாரண ஆள் என்றால் காதில் வாங்காமல் விட்டுவிடலாம். முணுமுணுத்தவர் அந்த நாட்டின் ராஜாவாக இருந்தால்?

பிரான்ஸில் அப்படி ஒரு விருந்து நடந்தது. தேதி: 1661 ஆகஸ்ட் 17. விருந்து கொடுத்தவர் நிதியமைச்சர் நிக்கோலா ஃபூக்கே. வந்த விருந்தாளி, 22 வயது மன்னர் பதினான்காம் லூயி. மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஃபூக்கே கைதானார். அதன்பிறகு அவர் தன் வீட்டையும் பார்க்கவில்லை, ஆசை ஆசையாக அமைத்த தோட்டத்தையும் பார்க்கவில்லை.

அந்தத் தோட்டம் மட்டும் இன்றும் இருக்கிறது. பெயர், வோ-லெ-விகோந்த். பாரிஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 55 கிலோமீட்டரில், மெலன் என்ற ஊருக்குப் பக்கத்தில்.

மூன்று பேர் கூட்டணி

ஃபூக்கே இந்த இடத்தை வாங்கியது 1641-ல். அப்போது அவருக்கு வயது 26. 1653-ல் நாட்டின் நிதி நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. பணம் வந்தது, செல்வாக்கு வந்தது, கூடவே ஆசையும் வளர்ந்தது. அவருடைய குடும்பச் சின்னம் அணில். 'இது ஏற முடியாத உயரம் உண்டா?' என்ற பொருளில் அதற்கு ஒரு வாசகம் வேறு வைத்திருந்தார்.

மாளிகையைக் கட்ட லூயி லெ வோ, உள் அலங்காரத்துக்கு ஓவியர் ஷார்ல் லெ ப்ரன், தோட்டத்துக்கு ஆந்த்ரே லெ நோத்ர். இந்த மூவரையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சேர்ந்து வேலை செய்ய வைத்ததுதான் ஃபூக்கேயின் பெரிய சாமர்த்தியம். அதுவரை பெரிய மனிதர்கள் முதலில் வீட்டைக் கட்டுவார்கள், மிச்சமிருக்கும் இடத்தில் தோட்டம் போடுவார்கள். இங்கே வீடும் தோட்டமும் ஒரே வரைபடத்தில் பிறந்தன.

லெ நோத்ர் பரம்பரைத் தோட்டக்காரர். தாத்தாவும் அப்பாவும் பாரிஸின் துய்லெரி அரண்மனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். ஆனால், இவர் இளம் வயதில் மண்வெட்டியோடு தூரிகையும் பிடித்தார். சிமோன் வுவே என்ற ஓவியரிடம் பாடம் கற்றார். ஒரு பொருள் கண்ணுக்கு எப்போது பக்கத்தில் தெரியும், எப்போது தூரத்தில் தெரியும் என்ற கணக்கு அவருக்கு அங்கேதான் பிடிபட்டது. அந்தப் பாடம்தான் பிற்பாடு அவரை உலகப் புகழ்பெற வைத்தது.

தோட்டத்துக்கு இடம் போதவில்லை. மூன்று கிராமங்களை விலைக்கு வாங்கி இடித்தார்கள். வீடிழந்தவர்களுக்கு அதே தோட்டத்தில் பராமரிப்பு வேலை கொடுத்தார்களாம். 18,000 பேர் வேலை செய்ததாகச் சொல்வார்கள். மேடுகளை வெட்டி, பள்ளங்களை நிரப்பி, குறுக்கே ஓடிய ஓர் ஆற்றையே திருப்பிக் கால்வாயாக்கினார்கள். இன்று அந்தத் தோட்டத்தின் நேர்த்தியைப் பார்த்து வியக்கிறவர்கள், அதற்கு அடியில் மூன்று ஊர்கள் இருந்ததையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணை ஏமாற்றும் கணக்கு

இந்தத் தோட்டத்தின் பரப்பளவு மட்டும் சுமார் 33 ஹெக்டேர். அதாவது, ஏறத்தாழ 80 ஏக்கர். நட்டநடுவில் நேர்கோடாக ஒரு பாதை. இரண்டு பக்கமும் தராசுத் தட்டு போலச் சமமாகப் புல்வெளி, குளம், சிலை. மாளிகைக்குப் பக்கத்தில் தரையில் கோலம் போட்டதுபோல ஒரு வேலைப்பாடு. முட்டிக்கும் கீழே வெட்டிவிடப்பட்ட பாக்ஸ்வுட் செடிகள்தான் கோலத்தின் இழைகளாக இருந்தன. இடையில் செம்மண் காவி கட்டியதுபோலச் சிவப்பாகத் தெரிந்தது செங்கல் பொடி. மாளிகையின் மேல் மாடியிலிருந்து பார்த்தால்தான் இதன் முழு அழகும் தெரியும்.

இதெல்லாம் அழகு. ஆச்சர்யம் இனிமேல்தான்.

ரயில் தண்டவாளத்தைப் பாருங்கள். தூரம் போகப்போக இரண்டு தண்டவாளங்களும் நெருங்கிவருவதுபோலத் தெரியும். அப்படித் தெரிவதை வைத்துத்தான் நம் மூளை, 'ஓ, அது தூரத்தில் இருக்கிறது' என்று முடிவு செய்கிறது. லெ நோத்ர் இந்த இடத்தில் கை வைத்தார். மாளிகைக்கு அருகில் இருக்கும் பக்கத்தில் குளத்தைக் குறுகலாகவும், தள்ளி இருக்கும் பக்கத்தில் அகலமாகவும் வெட்டினார். தூரத்தில் குறுக வேண்டியது குறுகவில்லை. மூளை ஏமாந்துபோய், 'எல்லாம் பக்கத்தில்தான் இருக்கிறது' என்று நினைத்துக்கொள்கிறது.

மாளிகைப் படியில் நின்று பார்த்தால் ஒரு வட்டக் குளம், அதைத் தாண்டி ஒரு சதுரக் குளம், அதன் கரையை ஒட்டினாற்போலக் கல்லில் அமைத்த குகை வளைவுகள். 'இதோ, போயிட்டு வந்துடலாம்' என்று நடக்க ஆரம்பிப்பீர்கள். நடக்க நடக்கத் தோட்டம் நீண்டுகொண்டே போகும். சதுரக் குளம் நினைத்ததைவிட எவ்வளவோ பெரியது என்பது பக்கத்தில் போனால்தான் புரியும்.

அதன் விளிம்புக்குப் போய் நின்றதும் அடுத்த அதிர்ச்சி. காலடியில் தரை சட்டென்று கீழே இறங்குகிறது. அங்கே ஒரு நீண்ட கால்வாய், ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் குறுக்கே கிடக்கிறது! மாளிகையிலிருந்து பார்த்தபோது அது கண்ணிலேயே படவில்லை. குளத்தை ஒட்டி நிற்பதாகத் தெரிந்த குகைகள், உண்மையில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. அவ்வளவு பெரிய கால்வாயை வெட்டி, பிறகு அதை ஒளித்தும் வைத்திருக்கிறார் மனிதர்!

கால்வாயைச் சுற்றிக்கொண்டு எதிர்மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால் கணக்கு அப்படியே தலைகீழ். இப்போது குளத்தின் அகலமான பக்கம் உங்களுக்கு அருகில், குறுகலான பக்கம் தூரத்தில். அதனால் மாளிகை, இருப்பதைவிட இன்னும் தள்ளிப்போனதுபோலத் தெரியும்.

நீரூற்றுகளுக்கு இன்றும் பம்ப்செட் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும் தண்ணீரின் வேகமே அவற்றைப் பீய்ச்சி அடிக்க வைக்கிறது.

அந்த ஒரு ராத்திரி

இப்போது விருந்துக்கு வருவோம். மன்னர் ஃபோன்தேன்ப்ளோ அரண்மனையிலிருந்து அம்மாவோடும் பரிவாரத்தோடும் வந்து இறங்கினார். நீரூற்றுகள் பொங்கின. விருந்து ஏற்பாடு, அந்தக் காலத்தில் பேர்பெற்ற வாதெல். தோட்டத்தில் மோலியேரின் புது நாடகம் முதன்முறையாக மேடையேறியது. கடைசியில் வாணவேடிக்கை. அத்தனையும் பிரமாதம். பிரச்னையும் அதுதான். அப்படி ஒரு தோட்டம் அன்றைக்கு மன்னரிடமே இல்லை.

'தோட்டத்தைப் பார்த்து மன்னருக்குப் பொறாமை, அதனால்தான் ஃபூக்கே உள்ளே போனார்' என்று கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், உண்மை இன்னும் கசப்பானது. விருந்துக்குப் பல வாரங்கள் முன்பே மன்னர் முடிவெடுத்துவிட்டார் என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். ஃபூக்கே அரசுப் பணத்தைச் சுருட்டுகிறார் என்று கோல்பேர் என்ற அதிகாரி ஏற்கெனவே மன்னர் காதில் ஓதிக்கொண்டிருந்தார். ஃபூக்கே விற்றுவிட்ட ஒரு நீதிமன்றப் பதவிதான் அவருக்குச் சட்டப் பாதுகாப்பாக இருந்தது. அதுவும் கைவிட்டுப் போயிருந்தது. ஆக, தோட்டம் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால், 'இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்விக்கு 80 ஏக்கரில் சாட்சி சொன்னது.

செப்டம்பர் 5. மன்னரின் 23-வது பிறந்தநாள். நாந்த் நகரில் ஃபூக்கேயைக் கைது செய்தவர், 'மூன்று வீரர்கள்' கதையால் நமக்கெல்லாம் தெரிந்த நிஜ தர்தஞான்! வழக்கு மூன்று வருடம் இழுத்தது. 1664 டிசம்பரில் நீதிமன்றம், நாடு கடத்தினால் போதும் என்றது. மன்னர்கள் வழக்கமாகத் தண்டனையைக் குறைப்பார்கள். இந்த மன்னரோ அதை ஆயுள் சிறையாகக் கூட்டினார். கவிஞர் லா ஃபோன்தேன் போன்ற ஒருசில நண்பர்கள் மட்டும் கடைசிவரை ஃபூக்கேக்காகக் கெஞ்சினார்கள். பலனில்லை. ஆல்ப்ஸ் மலையோரம் பினெரோல் கோட்டையில், 1680-ல் அவர் இறந்தார். சிறையில் மொத்தம் 18 வருடங்களுக்கும் மேல்.

தோட்டக்காரரும் போனார்

மாளிகையின் திரைச்சீலைகள், சிலைகள் எல்லாம் மன்னர் கைக்குப் போயின. ஆரஞ்சு மரங்களைக்கூட விட்டுவைக்கவில்லை, பெயர்த்து எடுத்துப்போனார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, லெ வோ, லெ ப்ரன், லெ நோத்ர் மூவரையும் மன்னர் அழைத்துக்கொண்டதுதான். அவர்கள் போய் உருவாக்கியதுதான் உலகமே வாய்பிளந்து பார்க்கும் வெர்சாய். லெ நோத்ர் 87 வயது வரை வாழ்ந்தார். மன்னர் அவருக்குப் பிரபு பட்டம் கொடுத்தபோது, அவருடைய குலச்சின்னத்தில் இடம்பெற்றவை நத்தைகளும் ஒரு முட்டைக்கோஸும்!

வோ-லெ-விகோந்த் கைமாறிக்கொண்டே இருந்தது. 19-ம் நூற்றாண்டின் நடுவில் கேட்பாரற்றுக் கிடந்தது. 1875-ல் ஏலத்துக்கு வந்தபோது, ஆல்ஃப்ரெட் சோமியே என்ற சர்க்கரை ஆலை அதிபர் வாங்கினார். பழைய ஓவியங்களையும் வரைபடங்களையும் தேடி எடுத்து, தோட்டத்தை மறுபடி உயிர்ப்பித்தார். எதிர்மேட்டில் ஹெர்குலிஸ் சிலை வைக்க வேண்டும் என்பது ஃபூக்கேயின் ஆசை. அது நிறைவேறியது சோமியே காலத்தில்தான். தரைக்கோலத்தை 1923-ல் மறுபடி வரைந்து நட்டவர், அஷீல் துஷேன் என்ற தோட்டக்கலைஞர்.

அந்தக் கோலத்துக்கும் சோதனை வந்தது. கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குள் நுழைந்த ஒரு வகை அந்துப்பூச்சியின் புழுக்களும், பூஞ்சை நோயும் பாக்ஸ்வுட் செடிகளைச் சீரழித்தன. வேறு வழியில்லாமல் செடிகளைப் பிடுங்கினார்கள். அந்த இடம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்பதற்காக, 2019-ல் அலுமினியப் பட்டைகளால் தற்காலிகமாக ஒரு கோலம் போட்டார்கள். நூறு வருட உழைப்பைப் புழு தின்றுவிட்டது. ஆனாலும், மாளிகை வாசலில் கோலம் நிற்கவில்லை.

நம் வீட்டுக்கு என்ன பாடம்?

80 ஏக்கர் நமக்கு வேண்டாம். பத்துக்குப் பத்து இடம் இருந்தாலும் லெ நோத்ரிடம் கற்றுக்கொள்ளச் சில விஷயங்கள் உண்டு.

* செடி வாங்கும் முன், எங்கே நின்று பார்க்கப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். திண்ணையா, சமையலறை ஜன்னலா? அங்கிருந்து பார்த்தால் அழகாகத் தெரிய வேண்டும்.
* எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டிவிடாதீர்கள். நடந்துபோனால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு மூலை இருக்கட்டும்.
* மேடு, பள்ளம், தண்ணீர் ஓட்டம் ஆகியவற்றை முதலில் கவனியுங்கள். செடி அப்புறம்.
* ஒரே வகைச் செடியை நம்பித் தோட்டம் முழுக்கப் போடாதீர்கள். ஒரு பூச்சி வந்தால் மொத்தமும் போய்விடும்.
* வைப்பது ஒரு நாள் வேலை, வளர்ப்பது தினசரி வேலை. நம்மால் பராமரிக்க முடிகிற அளவுக்கே வையுங்கள்.

கடைசியாக ஒன்று. வோ-லெ-விகோந்த் இன்றும் தனியார் சொத்துதான். சோமியேயின் வாரிசுகள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். இவ்வளவு பெரிய இடத்தைப் பராமரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. 1968-ல் அந்தக் குடும்பம் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. கோடைகாலச் சனிக்கிழமை இரவுகளில் மாளிகையிலும் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கான மெழுகுவத்திகள் ஏற்றுகிறார்கள், ஃபூக்கேயின் அந்த ராத்திரியை நினைவுபடுத்துவதுபோல.

ஒரே ஒரு விருந்தாளியை அசத்துவதற்காக ஏற்றிய விளக்குகள் அன்று ஒரு குடும்பத்தையே இருட்டில் தள்ளின. இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிற யார் வேண்டுமானாலும் அதே வெளிச்சத்தில் நடக்கலாம். அந்த டிக்கெட் காசில்தான் தோட்டம் பிழைத்திருக்கிறது.