அருவியைச் சுற்றி எழுந்த ஊர்: பட்டக்கெட்

அமெரிக்காவின் வடகிழக்கில், ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இருக்கிறது பட்டக்கெட். அருவி இருக்கும் இடம் என்பதே அந்தப் பழங்குடிப் பெயரின் பொருள். வூஸ்டர் பக்கமிருந்து வரும் பிளாக்ஸ்டோன் ஆறு ஏறக்குறைய 75 கிலோமீட்டர் ஓடுவதற்குள் 130 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. அதன் கடைசி இறக்கம் பட்டக்கெட் அருவி. அருவிக்குக் கீழே கடல் ஓதம் ஏறி வடியும் தண்ணீர். மேலே எந்திரத்தைச் சுழற்ற விசை, கீழே சரக்கு ஏற்றப் படகு; ஊர் அங்கே அமைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1671-ல் ஜோசப் ஜெங்க்ஸ் என்ற இரும்புக் கொல்லர் அருவியை ஒட்டி நிலம் வாங்கிப் பட்டறை போட்டார். 1676-ல் பழங்குடியினருடன் நடந்த போரில் அது எரிந்தது, மறுபடி கட்டினார்கள். அடுத்து மாவு ஆலையும் மர ஆலையும் வந்தன. வில்கின்சன் குடும்பத்தின் பட்டறையில் நங்கூரம், ஆணி, திருகு எல்லாம் செய்தார்கள். இப்படி ஒரு நூற்றாண்டில் தேறிய கைகள்தான் பின்னால் ஊரைத் தூக்கி நிறுத்தின.

இங்கிலாந்தில் நூற்பாலைத் தொழில் பயின்ற சாமுவேல் ஸ்லேட்டர் 1789-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். எந்திரங்களையோ வரைபடங்களையோ வெளியே கொண்டுபோக இங்கிலாந்தின் சட்டம் தடை விதித்திருந்ததால், கற்றதை மனத்திலேயே சுமந்து வந்தார். பிராவிடென்ஸ் வணிகர் மோசஸ் பிரவுன் முதல் போட்டார். பட்டக்கெட் கொல்லர்கள் எந்திரத்தை உருவாக்கினார்கள். 1790 டிசம்பரில், கம்பளித் துணியை அடித்து இறுக்கும் ஒரு பழைய ஆலையில், தண்ணீரின் விசையால் பருத்தி நூல் நூற்கத் தொடங்கினார்கள். முதலில் வேலைக்கு வந்த ஒன்பது பேரும் 7 முதல் 12 வயதுக் குழந்தைகள். 1793-ல் ஆலைக்கென்றே மரக் கட்டடம் எழுந்தது.

தண்ணீர் எப்படி நூல் நூற்றது? அணை தேக்கிய நீர் வாய்க்கால் வழியே வந்து, கட்டடத்துக்கு அடியில் இருந்த மரச்சக்கரத்தின் மேல் விழும். சக்கரம் மெதுவாகத்தான் சுற்றும். பெரிய பல்சக்கரம் சிறியதைத் திருப்ப, வேகம் கூடும். அந்த வேகம் மாடிக்கு ஏறி, கூரையை ஒட்டிய நீண்ட தண்டுகளில் ஓடி, தோல் பட்டைகள் வழியாக ஒவ்வொரு எந்திரத்துக்கும் இறங்கும். கோடையில் ஆறு வற்றினால் வேலை நிற்கும். பனிக்காலத்தில் சக்கரம் உறைந்துபோகும். விடியும் முன்பே ஸ்லேட்டர் தாமே இறங்கிப் பனிக்கட்டியை உடைத்தார் என்று சொல்வார்கள்.

விசை வேண்டிய ஆலை எதுவும் ஆற்றை விட்டு விலக முடியாது. அதனால் கரையில் ஆலைகள் நெருங்கின, தண்ணீருக்குச் சண்டையும் மூண்டது. மீன்கள் அருவியைச் சுற்றி மேலேற வேண்டும் என்று 1714 வாக்கில் வெட்டிய சார்ஜன்ட் வாய்க்கால், மீனுக்குப் பயன்படாமல் ஆலைகளின் வாய்க்காலாகிப்போனது. அது எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்ற வழக்கு 1827-ல் நீதிபதி ஜோசப் ஸ்டோரியிடம் முடிவுக்கு வந்தது. ஓடும் நீர் யாருக்கும் தனிச்சொத்தல்ல, கரையோர நிலக்காரர் எல்லோருக்கும் அதில் சம உரிமை உண்டு, வாய்க்கால்காரர்கள் நெடுங்காலமாக எடுத்துவந்த அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்றார் அவர். அமெரிக்க நீர்ச்சட்டத்துக்கு இன்றும் அடிப்படையான தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

வேலை தேடிக் குடும்பம் குடும்பமாக ஊருக்குள் வந்தார்கள். 1824-ல் முதலாளிகள் கூடி வேலைநேரத்தை ஒரு மணி கூட்டி, நெசவுக் கூலியில் கால் பங்கைக் குறைத்தபோது, சுமார் நூறு நெசவுப் பெண்கள் தறியை விட்டு வெளியேறினார்கள். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் நடந்த முதல் வேலைநிறுத்தம் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். அதுவரை ஊருக்கு நேரம் சொன்னது ஆலை மணிதான். 1828-ல் ஊரார் தாங்களே பணம் போட்டுத் தேவாலயக் கோபுரத்தில் பொதுக் கடிகாரம் வைத்தார்கள். கூலிக்காரர் கையில் தங்கள் நேரத்துக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. ஊர் முதிர்ந்ததற்கு ஆலைகளின் எண்ணிக்கையைவிட இதுவே நல்ல சான்று.

நீராவி எந்திரம் பரவியபின் ஆலைகள் அருவியை விட்டுத் தள்ளியும் எழ முடிந்தது. அணைகளுக்கு மேலே மீன் ஏறாமல் போனது. ஆலைக்கழிவு பல தலைமுறைகளாக ஆற்றில் கலந்தது. 1793-ன் மரக் கட்டடம் இன்றும் அதே கரையில் நிற்கிறது. 2014-ல் உருவான பிளாக்ஸ்டோன் பள்ளத்தாக்குத் தேசிய வரலாற்றுப் பூங்காவில் அதுவும் ஓர் அங்கம்.