ஸ்ரீசிட்டியில் வேலையா? சித்தூர், திருப்பதி பக்கம் குடிபோகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னையிலோ வேலூரிலோ வளர்ந்தவர் என்றால் திருப்பதிக்கு எத்தனை முறை போனோம் என்ற கணக்கே உங்களிடம் இருக்காது. மொட்டை, தரிசனம், லட்டு, திரும்பும்போது பஸ்ஸில் தூக்கம். அந்த ஊரைப் பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் அவ்வளவுதான். இப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு ஆஃபர் வந்திருக்கு, அங்கேயே வீடு பார்க்கலாமா என்று யோசிக்கிறீர்களா? தரிசனத்துக்குப் போகும்போது தெரியாத சில விஷயங்கள் அப்போது தேவைப்படும்.

எது எந்த மாவட்டம்?

பழைய சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரல் 4 அன்று பிரிக்கப்பட்டது. சித்தூர் நகரம், நகரி, பலமநேர், குப்பம் ஆகியவை சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. திருப்பதி, காளஹஸ்தி, புத்தூர், சத்தியவேடு ஆகியவை புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. நெல்லூரிலிருந்து சூளூர்பேட்டையும் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவும் இதில் சேர்ந்தன. பழைய முகவரிகளில் இன்னும் 'சித்தூர் டிஸ்ட்ரிக்ட்' என்றுதான் இருக்கும். வாடகை ஒப்பந்தம் போடும்போது இதைக் கவனியுங்கள்.

ஸ்ரீசிட்டி சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். சூளூர்பேட்டை மின்சார ரயிலில் ஏறினால் தடாவில் இறங்கலாம். தினமும் போய்வருபவர்கள் ஏராளம். ஐஐடி திருப்பதியோ ஏர்பேடு பக்கம். அங்கே சேர்ந்தால் சென்னையிலிருந்து தினமும் போய்வரும் கதை நடக்காது.

தமிழ் எப்படி இவ்வளவு சகஜம்?

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவாகும் வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. திருப்பதி தேவஸ்தானத்தை 1932-இல் சட்டம் போட்டு அமைத்ததும் சென்னை மாகாண அரசுதான். மலைக்கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. மார்கழியில் அங்கே சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஒலிக்கிறது.

வேங்கடம் தமிழகத்துக்கே வேண்டும் என்று ம.பொ.சி. போராடினார். திருப்பதி கிடைக்கவில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி மட்டும் நம் பக்கம் வந்தது. அதற்கு மாற்றாக நாம் கொடுத்த இடம் பலருக்கும் நினைவில் இல்லை: செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து போன கிராமங்களைக் கொண்டுதான் சத்தியவேடு வட்டம் உருவானது. இன்று ஸ்ரீசிட்டி நிற்பது அந்த வட்டாரத்தில்தான். அதனால் டீக்கடைக்காரர் உங்களிடம் தமிழில் பேசினால் ஆச்சரியப்பட வேண்டாம். அது அவர் வீட்டு மொழியாகவே இருக்கலாம்.

ஆனால் போர்டு தெலுங்கில், அரசு ஆபீஸ் படிவம் தெலுங்கில். எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது பேசக் கற்பதை விட அவசரம். பேச்சில் ஒரு சின்னக் குழப்பம் வரும்: தெலுங்கில் 'எந்த' என்றால் 'எவ்வளவு'. பெரியவர்களை 'காரு' சேர்த்துக் கூப்பிடுங்கள். 'அண்ணா' இரண்டு பக்கமும் செல்லுபடியாகும்.

காகிதத்தில் எல்லை எங்கே தெரியும்?

முதலில் சம்பள ரசீதில். மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஆந்திராவில் தொழில்வரி மாதம் 200 ரூபாய் பிடிப்பார்கள். தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குப் போகும் அதே மாதிரி வரிதான். பெரிய தொகை இல்லை.

பைக்கும் காரும் தான் பெரிய தலைவலி. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். நம் ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்கி, ஆந்திராவில் வரி கட்டி, இங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் வீட்டை வைத்துக்கொண்டு வாரக்கடைசியில் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். செக்கிங்கில் மாட்டும்போதுதான் ஞாபகம் வரும்.

லீவு விஷயத்தில் ஒரு வேடிக்கை. அங்கே புத்தாண்டு யுகாதி. ஆனாலும் ஏப்ரல் 14 பொது விடுமுறைதான், அம்பேத்கர் பிறந்தநாளுக்காக.

காட்டுக்குள் போகலாமா?

தடா அருவிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவது சென்னை ஐடி ஆட்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அனுமதித்த பாதையை விட்டு விலகாதீர்கள். சேஷாசலம் காடுகளில் இது இன்னும் முக்கியம். செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியான இந்தப் பக்கத்தில் மட்டும்தான். கடத்தல்காரர்கள் அதை வெட்டக் கூலிக்கு அழைத்துப் போவது பெரும்பாலும் திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மலைக்கிராம ஆட்களை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். தாக்க வந்ததால் சுட்டோம் என்றது போலீஸ். போலி என்கவுன்டர் என்றன மனித உரிமை அமைப்புகள். வேலூர், திருவண்ணாமலை பக்கம் இந்தக் கதை தெரியாத ஆள் இல்லை. திருப்பதியில் உங்கள் ஆந்திர நண்பர் அதையே வேறு மாதிரி சொல்லக்கூடும்.

தரிசனத்துக்கு?

உள்ளூரில் இருக்கிறோமே, நினைத்தபோது போகலாம் என்று நினைக்க வேண்டாம். 300 ரூபாய் டிக்கெட் ஆன்லைனில் மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். வைகுண்ட ஏகாதசி நேரத்தில் டோக்கன் வரிசையைத் தவிர்ப்பதே நல்லது. 2025 ஜனவரியில் அந்த வரிசை நெரிசலில் 6 பேர் இறந்தார்கள். அலிபிரி வழியே நடந்து ஏறினால் சுமார் 3,550 படிகள். 2023-இல் அந்தப் பாதையில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகு குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. போகும் முன் அன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் நம்ம ஊர் வெயில்தான், மே மாதம் 40 டிகிரி தாண்டும். மழையும் நம்மைப் போல வடகிழக்குப் பருவமழை. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது, மலைப்பாதையில் மண் சரிந்தது. அதனால் தரைத்தள வீடு என்றால், அந்த நவம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.