மருந்துச் சந்தையின் கணக்கும் நம் வீட்டு மருந்துச் சீட்டும்

"இப்போதைக்குப் பத்து நாளுக்கு மட்டும் கொடுங்கள், மீதியைப் பிறகு வாங்கிக்கொள்கிறோம்." மாதக் கடைசியில் எங்கள் மருந்தகச் சாளரத்தில் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களிலிருந்து வரும் பலருக்கு அந்தப் 'பிறகு' உரிய நாளில் வருவதில்லை. இடைப்பட்ட நாள்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஓசையின்றி ஏறிவிடுகின்றன. மருந்தின் விலை எங்கே, எப்படி உருவாகிறது என்பதை அறிந்துகொண்டால், மருந்தை நிறுத்தாமலே செலவைக் குறைக்கும் வழியும் புலப்படும். அதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இந்த அறிவு நம் பகுதிக்கு மிகவும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023ஆம் ஆண்டில் வெளியான நீரிழிவு ஆய்வின்படி, நாடு முழுவதும் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. புதுச்சேரியிலோ அது 26.3 விழுக்காடு. அதாவது, நால்வரில் ஒருவருக்கும் சற்று மேல். கோவாவை அடுத்து நாட்டிலேயே மிகுந்த அளவு இதுதான். ஆகவே, மருந்துச் செலவு என்பது இங்கே ஏறத்தாழ ஒவ்வொரு தெருவின் கவலையாகும்.

உலகச் சந்தையில் எது அதிகம் விற்கிறது?

உலக மக்கள் ஓராண்டில் மருந்துக்காகச் செலவிடும் தொகை 1.6 லட்சம் கோடி டாலருக்கும் மேல். இதில் மிகப் பெரும் பங்கு அமெரிக்காவினுடையது. 2024ஆம் ஆண்டில் விற்பனை மதிப்பில் முதலிடம் பெற்ற கீட்ரூடா என்னும் புற்றுநோய் ஊசிமருந்து மட்டும் சுமார் 2,900 கோடி டாலருக்கு விற்பனையாயிற்று. நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் தரப்படும் செமாகுளுடைட் மருந்தும் அதனை நெருங்கி வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'அதிகம் விற்கும் மருந்து' என்று செய்தித்தாள்கள் எழுதும்போது பெரும்பாலும் பணமதிப்பையே குறிக்கின்றன. எத்தனை பேர் உண்டார்கள் என்பதை அன்று. நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மௌன்ஜாரோ என்னும் நீரிழிவு, உடற்பருமன் ஊசிமருந்து, அதே ஆண்டு அக்டோபரில் விற்பனை மதிப்பில் முதலிடத்தைப் பிடித்தது. நீண்ட காலமாக முன்னணியில் இருக்கும் ஆக்மென்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி பின்னுக்குப் போயிற்று. ஆனால் விற்ற எண்ணிக்கையைப் பார்த்தால் ஆக்மென்டினே பன்மடங்கு மிகுதி. விற்பனைப் பட்டியலில் உயர்ந்த இடம் பெற்றிருப்பதனால் மட்டும் ஒரு மருந்து நமக்கு ஏற்றதாகிவிடாது.

இந்தியாவின் இடம்

மருந்தின் அளவைக் கொண்டு எண்ணினால் இந்தியா உலகில் மூன்றாம் இடத்தில் இருக்கிறது. பணமதிப்பைக் கொண்டு எண்ணினால் பதினான்காம் இடம் அளவில் நிற்கிறது. இவ்வளவு இடைவெளிக்குக் காரணம், நாம் மிகுதியாகச் செய்வது விலை குறைந்த பொதுப்பெயர் மருந்துகளை, அதாவது ஜெனரிக் மருந்துகளை என்பதே. 2024-25 நிதியாண்டில் நம் மருந்து ஏற்றுமதி 3,000 கோடி டாலரைக் கடந்தது. நமது காலாப்பட்டுப் பகுதியிலும் மருந்தாலைகள் உண்டு. வலிநிவாரணியான இபுப்ரொஃபேனின் மூலப்பொருள் அங்கே உருவாகிப் பல நாடுகளுக்குச் செல்கிறது.

இந்த வலிமை தற்செயலாக வந்ததன்று. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல், அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே தந்தது. அதனால் நம் நிறுவனங்கள் அதே மருந்தை வேறு முறையில் செய்து மலிவாக விற்க முடிந்தது. எய்ட்ஸ் நோய்க்கான கூட்டுமருந்து மேலை நாடுகளில் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 2001ஆம் ஆண்டில் ஓர் இந்திய நிறுவனம் அதனை 350 டாலருக்குத் தர முன்வந்தது. உலக வணிக அமைப்பின் உடன்பாட்டையொட்டி, 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் 20 ஆண்டுக் காப்புரிமை நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

காப்புரிமை முடிந்தால் என்ன நடக்கிறது?

புதிய மருந்தைக் கண்டறிந்த நிறுவனம் காப்புரிமைக் காலத்தில் போட்டியின்றி விற்கிறது. அக்காலம் முடிந்ததும் பிற நிறுவனங்களும் அதே மருந்தைச் செய்யத் தொடங்குகின்றன, விலை சரிகிறது. நீரிழிவுக்குத் தரப்படும் எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதன் காப்புரிமை இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிந்தது. அதற்குமுன் ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாய். முடிந்த சில நாள்களிலேயே 10 ரூபாய்க்கும் குறைந்த விலையில் அதே மருந்து பல வணிகப் பெயர்களில் கடைக்கு வந்தது. நாளுக்கு ஒரு மாத்திரை என்றால், மாதம் 1,800 ரூபாய் ஆன செலவு 300 ரூபாய்க்குள் அடங்கும். ஆயினும் பழைய சீட்டையே நீட்டிப் பழைய பெயரையே வாங்குபவருக்கு இந்த மிச்சம் முழுமையாகக் கிட்டாது.

பாகூர் வயல்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஒரே பொன்னி நெல் வெவ்வேறு ஆலைகளின் பெயர் பொறித்த மூட்டைகளில் வெவ்வேறு விலைக்கு விற்பதை நாம் பார்த்திருக்கிறோம். மருந்து அட்டையிலும் ஒரு வணிகப் பெயர் இருக்கும். அதனுடன் அச்சாகியிருக்கும் மருந்தின் பெயரே உள்ளிருக்கும் பொருளைச் சொல்வது.

அரசின் விலை வரம்பு

2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்சவிலை உண்டு. சந்தையில் ஒரு விழுக்காடும் அதற்கு மேலும் பங்குடைய வணிகப் பெயர்களின் விலைகளைச் சராசரி கண்டு, சில்லறை வணிகருக்கு 16 விழுக்காடு சேர்த்து அது வகுக்கப்படுகிறது. நாட்டின் விற்பனைக் கணக்கு நம் வீட்டுச் செலவை நேரே தொடும் இடம் இதுவே. 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன; மெட்பார்மினும் இன்சுலினும் அவற்றில் அடங்கும். பட்டியலில் இல்லாத மருந்துகளின் விலையை நிறுவனங்கள் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை உயர்த்தலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலாவதாக, அடுத்த முறை வரும்போது, "இம்மருந்தின் பொதுப்பெயர் என்ன? விலை குறைந்தது உண்டா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டா. "இந்த மாதம் முழுவதற்கும் வாங்க இயலவில்லை" என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதனை அறிந்தால்தான் சீட்டை மாற்றி எழுத எங்களால் இயலும்.

இரண்டாவதாக, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான அடிப்படை மருந்துகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மக்கள் மருந்தகங்களில் பொதுப்பெயர் மருந்துகள், பெயர்பெற்ற வணிகப் பெயர்களைவிட 50 முதல் 90 விழுக்காடு வரை குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. பாகூர்ப் பக்கத்தார் பலர் கடலூருக்குச் சென்று வருபவர்கள். தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களையும் அவர்கள் நினைவில் கொள்ளலாம்.

மூன்றாவதாக, நீங்களாகவே மருந்தை மாற்றாதீர்கள். வலிப்பு, தைராய்டு ஆகியவற்றுக்கான மருந்துகளிலும், இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளிலும் அளவின் சிறு வேறுபாடும் தீங்கு செய்யக்கூடும். இவற்றில் நிறுவனத்தை மாற்றுவதாயினும் மருத்துவரின் ஒப்புதலும், தேவையானால் இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

நான்காவதாக, உரிமம் பெற்ற கடையில், பற்றுச்சீட்டுடன் மட்டுமே வாங்குங்கள். நன்றாக விற்கும் பெயரைத்தான் போலி செய்பவரும் நாடுவார். 2025ஆம் ஆண்டின் இறுதியில் நமது புதுச்சேரியிலேயே போலி மருந்து தயாரிப்பு தொடர்பாக வழக்குகள் பதிவானதை நீங்கள் அறிவீர்கள். அளவுக்கு மீறிய தள்ளுபடி ஐயத்துக்குரியது. அதிகம் விற்கும் 300 வணிகப் பெயர்களின் உறைகளில் 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் குறியீடோ பட்டைக் குறியீடோ கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கைப்பேசியால் அதனைப் படித்து, தயாரிப்பாளர் பெயரையும் தொகுதி எண்ணையும் உறையோடு ஒப்பிடலாம்.

சந்தையின் ஏற்ற இறக்கம் நம் கையில் இல்லை. வீட்டில் மாத்திரை தீரும் நாள் எதுவென்பது நம் கண்முன் இருக்கிறது. நாள்காட்டியில் அந்நாளுக்கு ஐந்து நாள் முன்பாகவே குறித்து வையுங்கள். அன்றே எங்களிடம் வாருங்கள். விலை குறைந்த மருந்தைத் தேடித்தர எங்களுக்கும் நேரம் இருக்கும்; ஒரு வேளை மருந்தும் தவறாது.