டொரன்ட்: படம் இறங்கும்போது வீட்டிலிருந்து என்ன வெளியே போகிறது?

அரநாயக்கவில் மழை பிடித்துக்கொண்டால் முதலில் இணையம் போகும், பின்னாலேயே மின்சாரமும் போகும். ஒன்றரை ஜிபி அளவுள்ள ஒரு கோப்பைச் சாதாரண முறையில் தரவிறக்கினால் 90 வீதம் வந்த பிறகு அறுந்து, பல நேரங்களில் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். செலவான டேட்டா செலவானதுதான். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு போனபோது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் டொரன்டுக்கு மாறினார்கள். அது அறுந்த இடத்திலிருந்து தொடரும். இன்றைக்குக் கால்வாசி, நாளை இரவு மீதி என்று மூன்று நாளில் ஒரு படத்தை இறக்கிவிடலாம். சிம் போட்ட ரவுட்டரை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்து இரண்டு கோடு சிக்னல் பிடிப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

லயத்தில் ஒன்லைன் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பவன் என்பதால் பெற்றோர் என்னிடம் கேட்பார்கள்: "இதால ஏதும் பிரச்சினை வருமா தம்பி?" பெரும்பாலும் அவர்கள் மனதில் இருப்பது வைரஸ். அது ஒரு பகுதிதான். யுத்தத்தைக் கடந்து வந்த நமது வீடுகளுக்கு வேறு இரண்டு விடயங்களும் சேர்கின்றன. அதற்கு முன் டொரன்ட் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடுவோம்.

பிரம் கோஹன் என்ற அமெரிக்கர் 2001இல் இந்த முறையை உருவாக்கினார். ஒரு பெரிய கோப்பு நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். அந்தத் துண்டுகளை ஒரே கணினியிலிருந்து வாங்காமல், அதே கோப்பை வைத்திருக்கும் பல பேரிடமிருந்து உங்கள் கணினி வாங்கிச் சேர்க்கும். ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போன்ற ஓர் எண் உண்டு. வந்து சேர்ந்த துண்டு அந்த எண்ணுடன் பொருந்தாவிட்டால் அதை எறிந்துவிட்டு வேறொருவரிடம் கேட்கும். அதனால்தான் மின்சாரம் போய் வந்தாலும் கோப்பு பழுதாவதில்லை.

இங்கேதான் பலர் ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். "டொரன்ட் எல்லாத்தையும் சரிபார்த்துத்தானே எடுக்குது" என்று என் மருமகனே சொன்னான். சரிபார்ப்பது உண்மை. ஆனால் முதலில் பதிவேற்றியவர் போட்ட கோப்பு அப்படியே வந்ததா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். அவர் போட்டதே நஞ்சு என்றால் அந்த நஞ்சு ஒரு துளி குறையாமல் வந்து சேரும்.

அடுத்தது, தரவிறக்கம் என்ற சொல்லே பாதி உண்மைதான். ஒரு துண்டு உங்களிடம் வந்த நிமிடத்திலிருந்து அதைக் கேட்கும் மற்றவர்களுக்கு உங்கள் கணினி கொடுக்கத் தொடங்கும். படம் முழுதாக இறங்கிய பின்னரும், நீங்கள் நிறுத்தாவிட்டால், கொடுத்துக்கொண்டே இருக்கும். இதைத்தான் 'சீட்' செய்வது என்கிறார்கள். ஏறுவதையும் இறங்குவதையும் சேர்த்துக் கணக்கிடும் பெக்கேஜ் என்றால் இரண்டு ஜிபி படத்துக்கு மூன்று, நான்கு ஜிபி போய்விடும். தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 2021இல் 1000 ரூபா, 2024இல் 1350 ரூபா. 'இலவசப் படம்' என்று சொல்லும்போது ரீலோட் காசையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

காசை விட முக்கியமானது, சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார் என்பது. டொரன்டில் இறக்குபவர் பார்வையாளர் மட்டுமல்ல, விநியோகிப்பவரும்தான். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமையை வேண்டுமென்றே மீறுவது குற்றம். நீதவான் நீதிமன்றம் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கு இது இன்னும் நெருக்கமான விடயம். ஒரே கோப்பைப் பகிரும் கூட்டத்தில் எல்லோருடைய இணைய முகவரியும் எல்லோருக்கும் தெரியும். பட நிறுவனங்களுக்காக வேலை செய்யும் கண்காணிப்பு நிறுவனங்களும் அந்தக் கூட்டத்துக்குள் சாதாரண ஆளைப் போல நுழைந்து முகவரிகளைக் குறித்துக்கொள்கின்றன. ஜெர்மனியில் அதன் பிறகு வருவது சட்டத்தரணியின் கடிதம். பல நூறு யூரோ கேட்டு, இணைய இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருக்கே வரும். அண்மையில் போய்ச் சேர்ந்து, அகதி விண்ணப்பம் முடிவாகாமல், மாமா வீட்டு வைபையில் படம் இறக்கும் பையனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பிரான்ஸில் 2009இன் ஹடொபி சட்டத்தோடு எச்சரிக்கைக் கடித முறை வந்தது. இப்போது ஆர்கொம் என்ற நிறுவனம் அதைப் பார்க்கிறது. சுவிட்சர்லாந்தில் சொந்தப் பாவனைக்கு இறக்குவது குற்றமல்ல, பகிர்வது குற்றம். "சுவிஸில் பிரச்சினை இல்லை" என்று சொல்பவர்கள், டொரன்ட் பகிர்ந்துகொண்டேதான் இறக்குகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இலங்கையில் இருக்கும் நமக்குப் பதிப்புரிமையை விடக் கனமான ஒன்று இருக்கிறது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் எந்த வகையான கோப்புக்காக எந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2020 நவம்பரிலும் அதன் பின்னரும் முகநூலில் நினைவேந்தல் படங்களைப் பகிர்ந்ததற்காக இளைஞர்கள் கைது செய்யப்பட்டார்கள். முகநூலில் பகிர்பவர் தன் விரலால் அழுத்திப் பகிர்கிறார். டொரன்டில் அந்த விரல் தேவையில்லை. 'பழைய பாடல்கள் முழுத் தொகுப்பு' என்ற பெயரில் 400 கோப்புகள் ஒன்றாக வரும். உள்ளே என்னென்ன பாடல், என்னென்ன காணொளி என்று திறந்து பார்க்கும் முன்பே உங்கள் கணினி அவற்றை மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரு பாட்டைக் கேட்பது குற்றமாக இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் பொலிஸ் நிலையத்தில் அந்தக் கருத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதும் எனக்குத் தெரியும். தொகுப்பாக வரும் எதையும் தொடங்கும் முன் கோப்புப் பட்டியலைத் திறந்து, தெரியாதவற்றின் எதிரே உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான டொரன்ட் செயலிகளில் அந்த வசதி உண்டு.

விபிஎன் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது நாடு முழுவதும் விபிஎன் பழகிவிட்டது. அது இணைய முகவரியை மறைக்கும். கோப்பைச் சுத்தப்படுத்தாது. இலவச விபிஎன்கள் எதை வைத்துப் பிழைக்கின்றன என்றும் கேட்க வேண்டும். ஹோலா என்ற பிரபலமான இலவசச் சேவை, தன் பாவனையாளர்களின் இணைய இணைப்பையே வேறு ஆட்களுக்கு விற்றது 2015இல் வெளியே வந்தது.

இனி வைரஸ். திரைப்படக் கோப்பு தானாகக் கணினியைக் கெடுப்பது அரிது. கெடுப்பது பெரும்பாலும் படம் போல வேடமிட்ட வேறொன்று. விண்டோஸ் கோப்பின் கடைசிப் பின்னொட்டை மறைத்துக் காட்டும் பழக்கம் உடையது. அதனால் 'எம்பி4' என்று முடிவது போலத் தெரியும் கோப்பு உண்மையில் 'ஈஎக்ஸ்ஈ' என்று முடியும் நிரலாக இருக்கலாம். படம் பார்க்கக் 'கோடெக்' நிறுவச் சொன்னால், கடவுச்சொல் போட்ட ஸிப் கோப்பு வந்தால், இரண்டு மணித்தியாலப் படம் மூன்று எம்பியில் இருந்தால் அழித்துவிடலாம். தளத்தின் பெயரை நம்புவதிலும் அர்த்தமில்லை. தமிழ்ரொக்கர்ஸை நடத்தியவர் என்று 2018 மார்ச்சில் கேரளப் பொலிஸார் ஒருவரைக் கைது செய்தார்கள். அதன் பின்னரும் அதே பெயர்ப்பலகையோடு யார் யாரோ தளம் நடத்தினார்கள்.

செயலியிலும் கவனம் வேண்டும். 2015இல் மியூடொரன்ட் செயலியோடு கணினியின் சக்தியைத் திருடி நாணயம் தோண்டும் நிரல் ஒன்று சேர்ந்து வந்ததாகப் பெரும் சர்ச்சை எழுந்தது. 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் செயலியின் சொந்தத் தளத்திலேயே, மேக் கணினிக்கான பதிப்பில் யாரோ கப்பம் கேட்கும் நிரலைப் புகுத்திவிட்டார்கள்.

உண்மையான நாசம் திரைப்படத்தில் இல்லை, 'கிரெக்' செய்த மென்பொருளில் இருக்கிறது. போட்டோஷொப், ஒபிஸ், விளையாட்டுகள். கிரெக்கை ஓட்ட முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள், பிள்ளைகளும் நிறுத்துவார்கள். திருடனுக்கு நாமே நாயைக் கட்டிப்போட்டுக் கொடுக்கிறோம். ஸ்டொப் டிஜேவியூ என்ற கப்ப நிரல் உலகம் முழுவதும் பரவியது பெரும்பாலும் இந்த வழியால்தான். அது கணினியிலுள்ள படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு 980 டொலர் கேட்கும், மூன்று நாளுக்குள் கட்டினால் 490 டொலர் என்று கழிவும் கொடுக்கும். 2019 ஒக்டோபரில் எம்சிசொஃப்ட் நிறுவனம் அதன் பல பழைய வகைகளுக்கு இலவசச் சாவி வெளியிட்டது. புதிய வகைகள் பலவற்றுக்கு அது உதவாது.

நமது கணினிகளில் என்ன இருக்கிறது? என் பெரியம்மா குடும்பம் 1977 கலவரத்தின் பின் இந்தப் பக்கத்துத் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. 2009இல் அவருடைய மகன் காணாமல் ஆக்கப்பட்டார். பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவு, பாடசாலைக் காலத்துப் படம் ஒன்று. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2010இல் வந்தது, 2013இல் பரணகம ஆணைக்குழு வந்தது, பின்னர் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அதே காகிதங்களைத் தூக்கிக்கொண்டு போனார். மடித்து மடித்து எழுத்து அழியத் தொடங்கியபோது அவற்றை நான் ஸ்கேன் செய்து வைத்தேன். அந்தக் கோப்புறை இருப்பது என் மருமகன் படம் இறக்கும் அதே மடிக்கணினியில். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கணினி. வடக்கு கிழக்கிலும் எத்தனையோ வீடுகளில் காணி உறுதியும், காணாமல் ஆக்கப்பட்டவரின் கடைசிப் படமும், பிள்ளைகளின் விளையாட்டும் ஒரே இயந்திரத்துக்குள்தான் இருக்கின்றன.

காகிதம் இருக்கிறதே என்று விட்டுவிடவும் முடியாது. 2016 மே 17ஆம் திகதி இங்கே சாமசர மலை சரிந்து எலங்கபிட்டிய, சிரிபுர, பல்லேபாகே பகுதிகளை மூடியபோது மனிதர்களோடு அவர்கள் பெட்டியில் வைத்திருந்த காகிதங்களும் மண்ணுக்குள் போயின. முள்ளிவாய்க்கால் வரை பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால் எங்கள் வீட்டில் டொரன்டை நான் நிறுத்தவில்லை, இடத்தை மாற்றினேன். மருமகனுக்கு விண்டோஸில் நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு. பெரியம்மாவின் கோப்புறை அவன் கணக்கிலிருந்து திறக்காது. டொரன்ட் செயலி கியூபிட்டொரன்ட், அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்தது. பதிவேற்ற வேகத்துக்கு எல்லை போட்டு, இறங்கி முடிந்ததும் நிற்கும்படி அமைத்திருக்கிறேன். இதனால் டேட்டாச் செலவு குறையும், ஆனால் இறங்கும் நேரத்தில் பகிர்வது நிற்காது. கோப்புகளின் பின்னொட்டு எப்போதும் தெரியும்படி மாற்றிவிட்டேன். மென்பொருளை டொரன்டில் கிரெக்கோடு இறக்குவது அறவே இல்லை. எழுதுவதற்கு லிப்ரே ஒபிஸ் இலவசம், தமிழும் எழுதலாம். அதையும் உபுண்டு போன்றவற்றையும் அவற்றை உருவாக்கியவர்களே டொரன்டாகத் தருகிறார்கள். இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய நூல்களும் ஒலிப்பதிவுகளும் அதே வழியில் கிடைக்கின்றன. நமது மழைக்கும் மின்வெட்டுக்கும் டொரன்ட் பொருந்துவது இந்த மாதிரி வேலைக்குத்தான். ஈழத்து நூல்கள் வேண்டுமென்றால் 2005இலிருந்து இயங்கும் நூலகம் தளத்தில் நேரடியாகவே எடுக்கலாம்.

புதுப் படங்களைப் பற்றி மருமகனோடு வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. தியேட்டருக்குப் போக வேண்டுமானால் பஸ் காசு, டிக்கெட் காசு, ஒரு நாள் சம்பளம் போகும் என்கிறான். பொய்யில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கோப்புறைக்கு இரண்டு பென்ட்ரைவ்களில் பிரதி இருக்கிறது. ஒன்று இங்கே, ஒன்று கிளிநொச்சியில். கணினியில் குத்தியபடியே விட்டால் கப்ப நிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும், எனவே பிரதி எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்ப்பதும் அவசியம், பென்ட்ரைவ் சொல்லாமல் செத்துப்போகும். ஸ்கேன் செய்த 40 பக்கங்களைப் பிரதி எடுக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.