வானம் தெரியாத இடத்தில் வழி தேடும் ட்ரோன்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகருக்கு அடியில் முன்பு சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த சுரங்கம் ஒன்று இருக்கிறது. 2021 செப்டம்பரில் அதன் இருட்டுக்குள் ஒரு போட்டிக்காகப் பல நாட்டு அணிகளின் இயந்திரங்கள் இறங்கின. சில பறந்தன, சில நான்கு கால்களில் நடந்தன, சில உருண்டன. உள்ளே 40 பொருள்கள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தன: உடல்சூடு கொண்ட மனிதப் பொம்மை, கைபேசி, முதுகுப்பை, தலைக்கவசம், கயிறு என்று. நேரம் 60 நிமிடம். வெளியே அமர்ந்து மேற்பார்வை செய்ய ஒரே ஒரு மனிதருக்குத்தான் அனுமதி. பொருளைக் கண்டுபிடித்தால் மட்டும் மதிப்பெண் கிடையாது. அது இருக்கும் இடத்தை 5 மீட்டருக்குள் சரியாகச் சொல்லவும் வேண்டும்.

அந்த 5 மீட்டர் விதியில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. இடிந்த சுரங்கத்தில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்ற தகவலை மட்டும் வைத்துக்கொண்டு மீட்புக் குழுவால் எதுவும் செய்ய முடியாது. எங்கே தோண்டுவது என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால், தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாத இயந்திரம், இன்னொருவர் இருக்கும் இடத்தை எப்படிச் சொல்லும்?

திறந்தவெளியில் இந்தக் கேள்விக்கு ஜிபிஎஸ் பதில் தருகிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞை நம்மை வந்தடையும்போது மிக மெலிந்துபோயிருக்கும். கட்டடத்துக்குள் அது தடுமாறுகிறது. பாறைக்கு அடியில் அறவே எட்டாது. அங்கே ட்ரோன் தன் சொந்தப் புலன்களை மட்டுமே நம்ப வேண்டும்.

முதல் புலன், முடுக்கத்தையும் திரும்பும் வேகத்தையும் அளக்கும் சிறு உணரி. முடுக்கத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து கடந்த தூரம் என்று கணக்குப் போடலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு அடியை எண்ணி நடப்பவரைப் போன்றது இது. தொடக்கத்தில் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் முடுக்கத்தில் ஏற்படும் சிறு பிழை, தூரக் கணக்கில் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. முடுக்கத்தில் 0.01 மீட்டர்/நொடி² என்ற நிலையான பிழை இருந்தால், 10 நொடியில் அரை மீட்டர் விலகல். ஒரு நிமிடத்தில் அதுவே 18 மீட்டர். 5 மீட்டர் விதி அந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே கைவிட்டுப் போய்விடும்.

ஆகவே கண் தேவைப்படுகிறது. கேமரா எடுக்கும் படங்களில் விளிம்பு, மூலை, புள்ளி போன்ற அடையாளங்களைக் கணினி பிடித்துக்கொண்டு, அடுத்த படத்தில் அவை எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து, தான் நகர்ந்த அளவைக் கண்டுகொள்கிறது. இருட்டில் கேமராவுக்குத் துணையாக லைடார் வருகிறது. அது லேசர் ஒளியை எய்து, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு சுவர்களின் தூரத்தை அளந்து, சுற்றுப்புறத்தைப் புள்ளிகளின் கூட்டமாக வரைகிறது. வரைபடத்தை உருவாக்கிக்கொண்டே அதே வரைபடத்தில் தன் இடத்தையும் குறித்துக்கொள்ளும் இந்த முறைக்கு ‘ஸ்லாம்’ என்று பெயர். ஏற்கெனவே பார்த்த ஒரு சந்திப்புக்குச் சுற்றி வந்து சேரும்போது இயந்திரம் அதை அடையாளம் கண்டுவிட்டால், வழியெல்லாம் சேர்ந்த பிழையைப் பின்னோக்கித் திருத்திவிடலாம்.

இந்தக் கண்ணும் ஏமாறும். ஒரே மாதிரி வழவழப்பாக நீளும் சுரங்கப்பாதையில் லைடாருக்கு எல்லா இடமும் ஒன்றுபோலத் தெரியும். முன்னே போகிறோமா, நிற்கிறோமா என்பதே புரியாது. புகையும் தூசியும் ஒளியைச் சிதறடிக்கும். அடையாளம் இல்லாத இடத்தில் கண் ஏமாறும் என்பதற்குச் செவ்வாய்க் கோளில் நடந்ததே சிறந்த சான்று. அங்கே ஜிபிஎஸ் கிடையாது. நாசாவின் 1.8 கிலோ எடையுள்ள இன்ஜெனூவிட்டி ஹெலிகாப்டர், தரையைப் பார்க்கும் கறுப்பு வெள்ளைக் கேமராவை நம்பி 2021 ஏப்ரல் 19 அன்று முதன்முறையாகப் பறந்தது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பப்பட்ட அது 72 முறை பறந்தது. 2024 ஜனவரியில் கடைசிப் பயணம் அடையாளம் ஏதுமற்ற மணல் அலைகளின் மேல் அமைந்தது. பற்றிக்கொள்ளப் புள்ளிகள் போதாததால் வேகக் கணக்கு பிசகி, தரையில் மோதி இறங்கியதில் சுழல் இறக்கைகள் உடைந்தன என்பதே ஆய்வாளர்கள் வந்தடைந்த முடிவு.

இத்தகைய தோல்விகளை ஆய்வுக்கூட மேசையில் முன்கூட்டியே காண முடியாது. இருளும் சேறும் புகையும் உள்ள இடத்துக்கு இயந்திரத்தைக் கொண்டுபோய்தான் ஆக வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். சுரங்க விபத்து தினமும் நடப்பதில்லை. அதற்கென ஒரு ட்ரோனை உருவாக்கித் தரும் சந்தையும் தானாக வளராது. இங்கேதான் போட்டிப் பரிசு என்ற முறை பயன்படுகிறது.

லூயிவில் போட்டியை நடத்தியது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்பா. 2004இல் மொஹாவி பாலைவனத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகளுக்கு அது 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தபோது, ஒரு வண்டிகூடப் பாதையை முடிக்கவில்லை. மிக அதிகமாகச் சென்றதே சுமார் 12 கிலோமீட்டர்தான். அடுத்த ஆண்டே ஐந்து வண்டிகள் முழுப் பாதையையும் கடந்தன. நிலத்தடிப் போட்டியும் அதே வழியில் படிப்படியாக நடந்தது: 2019இல் பிட்ஸ்பர்க் அருகே ஆய்வுச் சுரங்கத்தில், 2020இல் வாஷிங்டன் மாநிலத்தில் கட்டி முடிக்கப்படாத அணுமின் நிலையத்தில், பிறகு லூயிவிலில். டார்பாவின் நிதி பெற்ற அணிகளோடு, சொந்தச் செலவில் வந்த அணிகளும் ஒரே களத்தில் போட்டியிடலாம். செக் நாட்டின் பிராக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கனடாவின் லாவல் பல்கலைக்கழகமும் சேர்ந்த அணி அப்படிச் சொந்தச் செலவில் வந்து, முதல் இரண்டு சுற்றுகளிலும் பரிசு வென்றது.

இறுதிச் சுற்றில் பல நிறுவனங்கள் சேர்ந்த செர்பெரஸ் அணியும், ஆஸ்திரேலிய ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் அணியும் தலா 23 மதிப்பெண் பெற்றன. நேரக் கணக்கில் முந்திய செர்பெரஸுக்கு 20 லட்சம் டாலரும், மற்ற அணிக்கு 10 லட்சம் டாலரும் கிடைத்தன. பறப்பவை மட்டும் வெல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ட்ரோனின் பேட்டரி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதனால் நெடுநேரம் நடக்கும் இயந்திரங்களும், செங்குத்தான இடங்களை எட்டும் ட்ரோன்களும் வேலையைப் பகிர்ந்துகொண்டன. 40இல் 23 என்பது, இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதையும் காட்டுகிறது.

பரிசுத் தொகையைவிடப் பெரிய பலன் வேறு. சிஎஸ்ஐஆர்ஓவிலிருந்து 2018இல் கிளைத்த எமெசென்ட் நிறுவனம் அந்த அணியில் பங்கேற்றது. அதன் ட்ரோன் கருவி இன்று மனிதர் இறங்கக்கூடாத சுரங்க அறைகளை அளக்கிறது. செர்பெரஸில் இருந்த ஸ்விட்சர்லாந்தின் ஃப்ளையபிலிட்டி, மோதினாலும் விழாத கூண்டு ட்ரோனுக்காக 2015இல் துபாயில் 10 லட்சம் டாலர் பரிசு வென்ற நிறுவனம். அதன் ட்ரோன்கள் இப்போது கொதிகலன்களுக்குள்ளும் தொட்டிகளுக்குள்ளும் சென்று சோதிக்கின்றன. முன்பு ஒரு தொழிலாளி சாரம் கட்டி உயிரைப் பணயம் வைத்து இறங்கிய இடங்கள் அவை.

இதே நுட்பம் போருக்கும் பயன்படும். உக்ரைனில் ஜிபிஎஸ் சமிக்ஞைகள் முடக்கப்படுவதால் ராணுவங்கள் இதில் கொட்டும் பணம் பெருகிவருகிறது. அதனாலேயே பொதுப் பணம் எந்தத் தேர்வை வைக்கிறது என்பது முக்கியமாகிறது. ஓர் இயந்திரம் எதற்குத் தேர்வு வைக்கப்படுகிறதோ அதில்தான் தேர்ச்சி பெறும். இருட்டில் சிக்கியவரை 5 மீட்டருக்குள் காட்டு என்ற தேர்வை வைத்து, பல நாட்டு அணிகளையும் அதில் இறக்கி, தோற்றவர் கற்றதும் எல்லோருக்கும் கிடைக்கச் செய்தால், அந்தச் செலவு மக்களுக்குத் திரும்பி வரும். அறிவியலுக்கு நிதி ஒதுக்கும் அரசுகள் பின்பற்ற வேண்டிய வழி இது.