பெண்களின் கண்: குறை சொல்லும்வரை ஏன் காத்திருக்கக் கூடாது?

உலகில் பார்வைக் குறைபாட்டோடு வாழ்பவர்களில் 55 விழுக்காட்டினர் பெண்கள் என்கிறது, 2021-இல் வெளியான லான்செட் குளோபல் ஹெல்த் ஆணையத்தின் அறிக்கை. பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள், கண்புரை முதுமையில் வருவது, எனவே இதில் வியப்பென்ன என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். கண்புரையால் போன பார்வையை அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அந்தச் சிகிச்சை பல ஏழை நாடுகளில் ஆண்களுக்குக் கிடைக்கும் அளவுக்குப் பெண்களுக்குக் கிடைப்பதில்லை. இதற்கும் ஆயுளுக்கும் தொடர்பில்லை.

பெண்கள் மருத்துவரிடம் தாமதமாகப் போவதற்கு அறியாமையைக் காரணம் சொல்வது எளிது. வீட்டைச் சற்றுக் கவனித்தால் வேறொன்று தெரியும். நாற்பதையொட்டி வெள்ளெழுத்து வந்ததும், அரிசியில் கல் பொறுக்க முறம் வாசல் வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவார்கள். மாத்திரை அட்டையில் உள்ள தேதியை மருமகள் படித்துச் சொல்வாள். வேலை எப்படியோ நடந்துவிடுவதால் குறை வெளியே வருவதில்லை. நிறுத்துப் பார்க்க முடிந்த இடத்தில் கணக்கு வேறாக இருந்தது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த தொழிலாளர்களிடம், பெரும்பாலும் பெண்களிடம், நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ கூடுதலாக இலை பறித்தார்கள். சமையலறையில் அப்படியொரு தராசு இல்லை.

அப்படியானால் கடையில் விற்கும் கண்ணாடியே போதாதா? படிக்கவும் தைக்கவும் பலருக்குப் போதும். அதை இகழ வேண்டியதில்லை. ஆனால் கண்ணாடி வாங்கியதோடு கண்ணைப் பார்த்தாயிற்று என்று நினைத்துவிடுவதில்தான் ஆபத்து. கண் நரம்பைப் பழுதாக்கும் கிளாக்கோமா என்ற நோய் பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வையைத்தான் முதலில் தின்னும். நடுப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிப்பதால் 'நல்லாத்தானே தெரியுது' என்றே தோன்றும். பழுதான நரம்போ திரும்பாது. தென் தமிழகத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பில், இந்நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது தெரியாமலே இருந்தது. கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் அடைபடும் இதன் 'மூடிய கோண' வகை பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அதற்காக எல்லோரும் மாதாமாதம் ஓட வேண்டாம். 40 வயதுக்குப் பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், சர்க்கரை நோய் இருந்தால் ஆண்டுதோறும் பார்க்கலாம். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். எழுத்து அட்டையைப் படிக்கவைத்து அனுப்புவது பாதிப் பரிசோதனைதான். கண் அழுத்தம் அளப்பதும், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பதும் சேர்ந்தால்தான் முழுமை.

இலவச முகாம்கள் இருக்கின்றனவே என்பது அடுத்த கேள்வி. தென்னிந்தியக் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், கண் கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்திருந்தனர். பரிசோதனை இலவசம்தான், பேருந்துக் கட்டணமும், இழக்கும் ஒருநாள் கூலியும் இலவசமில்லை. சொட்டு மருந்துக்குப் பின் சில மணி நேரம் பார்வை மங்குவதால் துணைக்கும் ஓர் ஆள் வேண்டும். மருத்துவரிடம் காணொளியில் பேச வைக்கும் பார்வை மையங்கள் இந்தத் தொலைவைக் குறைத்திருக்கின்றன. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு பணியாளர் வீட்டுக்கே வருகிறார். விழித்திரையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டு, அடுத்த தேதியை அட்டையில் அவரே குறித்துத் தரலாம். ஒரே தெருப் பெண்கள் நாலைந்து பேருக்கு ஒரே தேதி கொடுத்தால், துணைக்கு ஆள் தேடும் வேலையும் மிச்சம்.