தவறு யாருடையது? கணக்கு சொல்லும் பதில்

ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜாப் கெட்டுப் போனால், "மெஷினை யார்டா ஓட்டினது?" என்றுதான் முதலில் கேட்கிறோம். "இந்தக் கைப்பிடியை இங்கே வைத்தது யார்?" என்று கேட்பதில்லை. மருத்துவக் கருவிகளிலோ இந்த இரண்டாவது கேள்விதான் உயிரைக் காக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றியவர் ஜெஃப்ரி கூப்பர். டாக்டர் அல்ல, பொறியாளர். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது எங்கே தவறு நேர்கிறது என்று அறிய அவர் குழுவினர் மயக்கவியல் டாக்டர்களைப் பேட்டி கண்டார்கள். நடந்த விபத்தை மட்டுமல்ல, நடக்க இருந்து மயிரிழையில் தப்பியதையும் கேட்டார்கள். 47 பேட்டிகளில் 359 சம்பவங்கள் கிடைத்தன. 1978-இல் முடிவு வெளியானது.

மனிதத் தவறு 82 சதவீதம். கருவி பழுதானது 14 சதவீதம்தான்!

"அப்போ மெஷின் மேல தப்பே இல்லை, ஆளுக்குத்தான் கவனம் பத்தாது" என்று முடித்துவிடலாமா? கூடாது. அடிக்கடி நடந்தவை எவை என்று பாருங்கள்: சுவாசக் குழாய் கழன்று கொள்வது, வாயுவின் அளவு தெரியாமல் மாறிவிடுவது, ஊசி மருந்து மாறிப் போவது. ஒரே தவறைப் பல பேர் செய்தால், திருத்த வேண்டியது ஆளை மட்டுமல்ல, அமைப்பையும்தான்.

இன்றைய மயக்க மருந்து மெஷினில் ஆக்ஸிஜன் திருகு தனி வடிவத்தில், வரிப் பள்ளங்களோடு இருக்கும். தொட்டாலே கைக்குத் தெரியும். ஆக்ஸிஜன் குறைந்து நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் அதிகமாகப் போகாதபடி தடுப்பு உண்டு. குழாய் கழன்றால் அலாரம் அடிக்கும். 1986-இல் ஹார்வர்டு சார்ந்த மருத்துவமனைகள், மயக்கத்திலுள்ள நோயாளியைத் தொடர்ந்து கண்காணிக்க விதிமுறைகளை வெளியிட்டன. இவையெல்லாம் ஒரே ஆய்வால் வந்தவை அல்ல. ஆனால் எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டியவை இப்படிப்பட்ட கணக்குகளே.

நாளை நம்மில் சிலர் மருத்துவமனையில் கருவி பராமரிப்பு வேலைக்குப் போகலாம். "தம்பி, இந்த ஒயர் அடிக்கடி கழண்டுக்குதுப்பா" என்று நர்ஸ் ஒருவர் சொல்வார். "சரியா மாட்டுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எந்தக் கருவி, எந்த நேரம், என்ன நடந்தது என்று நோட்டில் எழுதுங்கள். யார் செய்தது என்று எழுத வேண்டாம். பேர் வந்தால் உண்மை வராது. பத்து வரி சேர்ந்தால், அடுத்த கருவியை எப்படிச் செய்ய வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும்.